மிஸ்கீனுக்கு ஒரு மஸ்கன்



இரவு வேளையில் தாம்பரம் ரயில் நிலையத்தருகே துணியை விரித்துப் படுத்திருப்போரைக் கண்டிருப்பீர்கள், இயன்றதைக் கொடுத்துமிருப்பீர்கள். அது ஸதகாதான், ஐயமில்லை. ஆயினும் மறுநாள் இரவும் அவர்கள் அங்கேயே அன்றோ படுத்திருக்கின்றார்கள்!

அரபு மொழியில் வறியவர் 'மிஸ்கீன்', குடியிருப்பு 'மஸ்கன்'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பர் மொழியறிஞர். அடங்கியிருத்தல் என்பது அவ்வேரின் பொருள். வறுமை மனிதனை ஒடுக்கி அடக்குகின்றது; வீடோ மனம் அடங்கி அமைதிபெறச் செய்கின்றது. ஆகவே, கூரை மட்டும் வீடாகிவிடாது.

ஏர்வாடியை நாம் மறக்கலாகுமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாது கருகினர். 28 உயிர்கள் மாண்டன. அவர்களுக்கும் கூரை இருந்ததே!

மனநலம் குன்றித் தெருவில் அலைந்த பெண்களுக்காக 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இருவர் 'தி பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். நலம்பெற்றோர் பலர் குடும்பத்துடன் சேர்ந்தனர். திரும்பிச் செல்ல இடமில்லாதோர் காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. அவர்களுக்காக 2015-இல் 'ஹோம் அகெய்ன்' திட்டம் பிறந்தது. தமீமுல் அன்சாரி தர்காவால் நாம் அறிந்த கோவளம் பகுதியிலும் இத்தகைய வீடுகள் அமைந்தன. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு. நாலைந்து பேர் ஒரு குடும்பம்போல் வாழ்வர். உதவிக்கு ஒரு பணியாளர் இருப்பார். சமைப்பது, கடைக்குச் செல்வது, விருந்தினரை வரவேற்பது யாவும் அவர்கள் விருப்பப்படியே.

வீடில்லை என்பதற்காகவே ஒருவரை மனநல மனையில் தொடர்ந்து வைத்திருக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகின்றது.

ஆனால் வீட்டைக் கொடுப்பவர் யார்? பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் வாடகைக்கு வீடு வைத்திருக்கும் அன்பர்களே, சிந்தியுங்கள்! பெயரைக் கேட்டதுமே 'வீடு காலியில்லை' என்று சொல்லக் கேட்ட வேதனையை நம்மில் பலர் அறிவோம். அதே சொல்லை நாம் இவர்களிடம் கூறலாமா?

வீடற்ற தோழர்கள் தங்கிய ஸுஃப்பா எனும் திண்ணை ஊருக்கு வெளியே இருக்கவில்லை; மதீனாப் பள்ளிவாசலில், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தை அடுத்தே இருந்தது.

அண்டை வீட்டாராக அவர்களை ஏற்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.