கட்டி வேறு, பரவல் வேறு

"கட்டிய அறுத்தெடுத்தாச்சே கண்ணு, அப்பறம் நுரையீரலுக்கு எப்பிடிப் போச்சு?" காரமடையில் சின்னம்மா கேட்டது. கட்டி வளர்வதும் நோய் பரவுவதும் ஒன்றென்றே நானும் நினைத்திருந்தேன்.

ஒரு மரபணுவை நீக்கி, அது இல்லாத உடலில் எது நடக்காமல் போகிறதென்று பார்ப்பது நாக்அவுட் எலி முறை (2007இல் நோபல் பெற்றது). அதே தர்க்கத்தில்தான் நியூயார்க்கில் ஜெஃப்ரி பொல்லார்ட் குழு, மார்பகப் புற்று வரும்படி ஆக்கிய எலிகளில், சி.எஸ்.எஃப்-1 மரபணு இயல்பிலேயே செயலிழந்தவற்றை ஆராய்ந்தது. மேக்ரோஃபேஜ் எனும் காவல் செல்களைப் பெருக்கும் மரபணு அது. 2001இல் வெளியான முடிவு: கட்டி வழக்கம்போல் வளர்ந்தது, நுரையீரலுக்குப் பரவுவதுதான் குறைந்தது. காவல்காரனே வழிவிட்டிருக்கிறான்!

அறுவைக்கு முன்பே சில செல்கள் கிளம்பியிருக்கலாம் என்றேன். "நான் லேட்டாப் போனதுதான் தப்பா?" சின்னக் கட்டியிலிருந்தும் கிளம்பும் சின்னம்மா.