கண்ணுக்கும் வேண்டும் வெளிச்சம்

சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளின் கண்களை ஒப்பிட்டு 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. நடத்தியவர் காத்ரின் ரோஸ் குழுவினர். குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயது. கிட்டப்பார்வை உள்ள பெற்றோரின் விகிதம் இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூர்க் குழந்தைகளில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது, சிட்னியில் 3.3 சதவீதம் பேருக்குத்தான்.

இத்தனைக்கும் அதிகப் புத்தகம் படித்தவர்கள் சிட்னிக் குழந்தைகள். பெரிய வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. வாரத்தில் அவர்கள் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே இருந்த நேரம் கிட்டத்தட்ட 14 மணி. சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு வாய்த்தது 3 மணி.

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்வரை சுமார் 17 மி.மீ. நீளம். பெரியவர்களுக்கு அது 24 மி.மீ. அளவில் இருக்கும். காட்சி சரியாக விழித்திரையில் விழும் இடத்தில் இந்த வளர்ச்சி நிற்க வேண்டும். நிற்காமல் நீண்டுவிட்டால் தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கரும்பலகை மங்கலாகத் தெரியும். இதுதான் கிட்டப்பார்வை. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலும் 'பவர்' ஏறக்குறைய மைனஸ் இரண்டரை ஆகிவிடுகிறது. கண்ணாடி போட்டால் எழுத்து தெளியும், ஆனால் நீண்ட கண் பழைய அளவுக்குத் திரும்பாது. பவர் மிக அதிகமானவர்களுக்கு விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பிற்காலத்தில் அது பிய்ந்து விலகும் ஆபத்தும், கண் அழுத்த நோய் வரும் ஆபத்தும் கூடுகின்றன. சோடாபுட்டிக் கண்ணாடி என்று பிள்ளைகளைக் கேலி செய்வதோடு முடிகிற விஷயம் இல்லை இது.

வெளியே இருப்பது இந்த நீட்சியை எப்படித் தடுக்கிறது? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறைக்குள் அது சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தை எட்டும். கண் தன்னைச் சட்டென்று சரிசெய்துகொள்வதால் இந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. விழித்திரைக்கு உறைக்கிறது. நல்ல வெளிச்சம் பட்டால் அது டோபமின் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது; அந்த டோபமின் விழிக்கோளத்தின் நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பதே இன்று வலுவாக நிற்கும் விளக்கம். கோழிக் குஞ்சுகளின் கண்ணை மங்கலான மூடியால் மறைத்தால் கிட்டப்பார்வை வந்துவிடும். அதிக வெளிச்சத்தில் வளர்த்தால் அது வருவது குறைகிறது. டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோதோ, வெளிச்சம் தந்த பாதுகாப்பு மறைந்துபோனது.

குழந்தைகளிடமும் சோதித்தார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகள். அவற்றில் பாதிப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதல் வெளிப்புற வகுப்பு. மூன்று ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, கூடுதல் வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 சதவீதம். நூற்றுக்கு ஒன்பது பிள்ளைகள் கண்ணாடிக்குத் தப்பினார்கள், மாத்திரை இல்லாமல், சொட்டு மருந்து இல்லாமல். தைவான் 2010 முதல் நாளுக்கு 120 நிமிட வெளிப்புற நேரத்தைப் பள்ளிகளில் வலியுறுத்தியது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைபாட்டு விகிதம் அங்கே அதன் பிறகு இறங்கத் தொடங்கியது.

நம் ஊரில் பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட். அதைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பெற்றோரும் நிம்மதி அடைவார்கள். இதை நாம் நிறுத்தியே ஆக வேண்டும், அதிலும் தொடக்க வகுப்புகளில். காரணம், வெளிச்சத்தின் பலன் பெரிதும் கிட்டப்பார்வை தொடங்குவதற்கு முன்புதான். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு மைதானம் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. கண் மருத்துவரின் கண்காணிப்பு தொடர வேண்டும்.

வெயிலில் கறுத்துப்போவார்கள், மயங்கி விழுவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் சுட்டெரிக்கும் வெயில் தேவையே இல்லை. தைவானில் பிள்ளைகள் மீது விழும் வெளிச்சத்தை அளந்து பார்த்தபோது, 1,000 லக்ஸுக்கு மேற்பட்ட மிதமான வெளிச்சமும் பலன் தருவதாகத் தெரிந்தது. வேப்ப மர நிழல் தாராளமாகப் போதும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடக் கூடாது.

ஓடியாடுவது உடம்புக்கு நல்லது என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கண்ணைக் காப்பதில் ஓட்டத்தைவிட வெளிச்சத்துக்கே பெரிய பங்கு. பாண்டி ஆடும் பிள்ளைக்கும், அருகில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் அது கிடைக்கும். ஆகவே பாடத்தையும் வெளியே கொண்டுபோகலாம். இலை நரம்புகளை மரத்தடியிலேயே பார்க்கலாம். கொடிக்கம்பத்தின் நிழலை மணிக்கொரு முறை அளந்து கணக்குப் போடலாம். எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து எழுதச் சொல்லலாம். காலைப் பிரார்த்தனைக் கூட்டம், இரண்டு இடைவேளை, மதியச் சாப்பாடு, மரத்தடியில் ஒரு பாடவேளை: இவற்றைக் கூட்டினாலே இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போதே தலைமை ஆசிரியர்கள் இதற்கு இடம் ஒதுக்கிவிடலாம்.