யார் ஜெயிப்பார் என்று தெரிந்தால் பந்தயம் சப்பென்று ஆகிவிடுமா?

"ஃபார்முலா 1-ல இப்ப என்னங்க இருக்கு? யார் ஜெயிப்பாங்கன்னு சனிக்கிழமை தகுதிச் சுற்றிலேயே தெரிஞ்சிடுது." கார் பந்தயம் பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. இது எவ்வளவு தூரம் உண்மை? கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

நம்ம நாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் 2011, 2012, 2013 என மூன்று வருஷம் இந்திய கிராண்ட் பிரி நடந்தது. மூன்றிலும் முதல் இடத்திலிருந்து புறப்பட்டவர் ரெட் புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல். மூன்றிலும் ஜெயித்தவரும் அவரே. முதல் இரண்டு வருஷத்தையும் சேர்த்தால் 120 சுற்றுகள். அதில் ஒரு சுற்றில்கூட வேறு யாரும் முன்னால் இல்லை. டிக்கெட் வாங்கிப் போனவர்களுக்குக் கொட்டாவி வந்திருந்தால் குறை சொல்ல முடியாது.

ஒரு எளிய கணக்கு

ஒரு சீசன் முழுவதற்கும் ஒரே ஒரு ஓட்டுநரின் பெயரை எழுதி வைத்தால் அதிகபட்சம் எத்தனை பந்தயங்களில் சரியாக வரும்?

- 1988: சென்னா, 16-ல் 8 (50 சதவீதம்)
- 2004: ஷூமாக்கர், 18-ல் 13 (72 சதவீதம்)
- 2023: வெர்ஸ்டாப்பன், 22-ல் 19 (86 சதவீதம்)
- 2024: வெர்ஸ்டாப்பன், 24-ல் 9 (37.5 சதவீதம்)

இதில் 1988-ஐக் கவனிங்க. அந்த வருஷம் 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் அணியே ஜெயித்தது. 2023-இல் ரெட் புல் 22-இல் 21. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆதிக்கம்தான். ஆனால் 1988-ஐ ரசிகர்கள் இன்றும் ஆசையாகப் பேசுவதும், 2023-ஐச் சலிப்போடு நினைப்பதும் ஏன்? மெக்லாரனுக்குள்ளேயே சென்னாவுக்கும் (8 வெற்றி) ப்ராஸ்ட்டுக்கும் (7 வெற்றி) சண்டை நடந்தது. 2023-இல் வெர்ஸ்டாப்பனின் அணித்தோழர் பெரெஸுக்குக் கிடைத்தது 2 மட்டும். ஆகவே ஒரு அணி ஆதிக்கம் செலுத்தினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒரே ஆள் ஆதிக்கம் செலுத்தினால்தான் சலிப்பு.

எதிர்பாராத முடிவு வந்தால் போதுமா?

போதாது. அதற்கும் நம்மாள் ஒருவரே சாட்சி. 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் மிஷலின் டயர்களின் பாதுகாப்புச் சிக்கலால் 20 கார்களில் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. ஓடியது ஆறே கார்கள். ஜோர்டன் அணியில் இருந்த நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்தார். இந்தியர் ஒருவர் ஃபார்முலா 1-இல் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அந்த ஐந்துதான். முதல் நாள் யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், அப்படி ஒரு எதிர்பாராத முடிவு. ஆனாலும் பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள், பாட்டில்களை வீசினார்கள்.

இதற்கு நேர் எதிர் 2013 இந்தியப் பந்தயம். முடிவு எல்லோரும் எதிர்பார்த்தபடி வெட்டல்தான். ஆனால் அவர் போட்டிருந்த மென்மையான டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும் ரகம். இரண்டே சுற்றில் உள்ளே வந்து டயர் மாற்றினார். கூட்டத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு காராகத் தாண்டித் திரும்ப முன்னுக்கு வர வேண்டியிருந்தது. பார்க்க அதில் விஷயம் இருந்தது.

ஆக, முடிவு தெரியுமா தெரியாதா என்பதைவிடத் தடத்தில் போராட வழி இருக்கிறதா என்பதே முக்கியம்.

வழியை அடைப்பது எது?

முக்கியமாகக் காற்று. இந்தக் கார்கள் வளைவில் வேகமாகத் திரும்புவதே காற்று அவற்றைத் தரையோடு அழுத்துவதால்தான். முன்னால் போகும் கார் காற்றைக் கலைத்துவிட்டால் பின்னால் வருகிற காருக்கு அந்த அழுத்தம் குறையும், டயர் வழுக்கும், சூடாகும். ஃபார்முலா 1 நிர்வாகம் வெளியிட்ட கணக்குப்படி, 2021 கார் 10 மீட்டர் இடைவெளியில் தொடர்ந்தால் 46 சதவீத அழுத்தத்தை இழந்தது. 2022-இல் புதிய விதிப்படி வடிவமைத்த காருக்கு அது 18 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

இன்னொரு தடை பணம். 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. கூடவே ஒரு நல்ல ஏற்பாடு: முதலிடத்தில் இருக்கும் அணிக்குக் காற்றுச் சுரங்கச் சோதனையில் அடிப்படை அளவின் 70 சதவீதம்தான், பத்தாவது அணிக்கு 115 சதவீதம். வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் டியூஷன் வைக்கிற மாதிரி. ஜெயிக்கிறவரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை, மற்றவர்கள் எட்டிப் பிடிக்க அவகாசம் கொடுத்தார்கள். 2024-இல் ஏழு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது ஜெயித்தார்கள். 2025-இல் கடைசிப் பந்தயம் வரை மூன்று பேர் போட்டியில் இருந்து, நாரிஸ் இரண்டே புள்ளியில் சாம்பியன் ஆனார்.

எல்லாருக்கும் ஒரே கார் கொடுத்தால்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஒரே வகைக் கார்கள் ஓடும் பந்தயங்கள் நடக்கின்றன. முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டு போவார்கள், பார்க்க நன்றாகவே இருக்கும். அங்கே கேள்வி ஒன்றுதான்: யார் நல்ல ஓட்டுநர்? ஃபார்முலா 1-இல் யார் நல்ல பொறியாளர் என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதை எடுத்துவிட்டால் சலிப்பு போகலாம், விளையாட்டும் சேர்ந்து போய்விடும். ஒருவர் நல்ல காரை உருவாக்கிவிட்டால் கொஞ்ச காலம் அவரே ஜெயிப்பார். அது அந்த விளையாட்டோடு கூடவே வரும் செலவு.

உத்தரப் பிரதேச அரசு அந்த நாளில் ஃபார்முலா 1-ஐ விளையாட்டாகப் பார்க்காமல் கேளிக்கையாகவே கணக்கில் எடுத்தது. வரித் தகராறு முற்றி, 2013-க்குப் பிறகு பந்தயம் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. வெறும் கேளிக்கை என்றால் ஒவ்வொரு வாரமும் புதுத் திருப்பம் கேட்பது நியாயம்தான். விளையாட்டு என்றால் 2023 மாதிரி ஒரு வருஷத்தையும் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அடுத்த முறை முதல் கார் தனியாகப் பறந்துவிட்டால் டிவியை அணைக்காதீங்க. ஒரே அணியின் இரண்டு ஓட்டுநர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று அவர்கள் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்க. இருவருக்கும் கார் ஒன்றுதான், வித்தியாசம் பெரும்பாலும் ஆளில்தான்.