யாரைக் கேட்டார்கள்?

'உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்றது சென்சோடைன் பற்பசை விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆதாரம் கேட்டபோது நிறுவனம் காட்டியவை இரண்டு சந்தை ஆய்வுகள். இரண்டிலும் பதில் சொன்னவர்கள் இந்தியப் பல் மருத்துவர்கள் மட்டுமே. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி, 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது ஆணையம். இது 2022 மார்ச்சில் நடந்தது.

ஆய்வே நடக்கவில்லை என்பதல்ல இங்கே குற்றம். ஓரிடத்தில் கேட்ட பதிலை உலகம் முழுவதற்கும் நீட்டியதுதான் வினை.

எல்லோரையும் கேட்க முடியாததால்தான் சிலரை மாதிரியாக எடுக்கிறோம். யாரைப் பற்றி முடிவு சொல்லப் போகிறோமோ, அவர்களில் ஒவ்வொருவருக்கும் அந்தச் சிலரில் இடம்பெறச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும். இதற்குச் சமவாய்ப்பு மாதிரி என்று பெயர். ஒழுங்காக எடுத்தால் ஒரு மாநிலத்துக்கே ஆயிரம் பேர் போதும். முடிவு பெரும்பாலும் உண்மையிலிருந்து ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகளுக்குள் முன்பின் இருக்கும். ஒழுங்காக எடுக்காவிட்டால் லட்சக்கணக்கில் கேட்டும் பயனில்லை. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ், அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்கு என்று கேட்டு 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதினார்கள். அவரோ 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலத்தில் அவை இரண்டும் வசதியுள்ளவர்களின் பட்டியல். போதாக்குறைக்கு, முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை.

பயிற்சி மையங்களின் விளம்பரத்தில் இதே கோளாறு நம் காசையும் தொடுகிறது. தேர்வில் வென்றவர்களின் படங்கள் பக்கம் முழுக்க இருக்கும். சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பது இருக்காது. அதைக் கேட்காமல் கட்டணம் கட்டாதீர்கள். வென்றவர் நேர்முகத் தேர்வுக்கு மட்டும் சில நாள் வந்துபோனவராகவும் இருக்கலாம். அதனால்தான் அவர் எந்தப் பாடப்பிரிவில், எவ்வளவு காலம் படித்தார் என்பதைப் படத்தோடு சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல்கள் வந்தன.

விளம்பரம் செய்பவர்கள் நிபந்தனைகளை உடுக்குறி (*) போட்டு மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதித் தப்பிக்கவும் முடியாது. விளம்பரங்களுக்கான 2022 வழிகாட்டுதல்களின்படி விளம்பரம் தமிழில் இருந்தால் பொறுப்புத் துறப்பும் தமிழில்தான் இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் விளம்பரத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ எழுத்து மூலம் புகார் தரலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். முதல் தவறுக்கு 10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது உங்கள் கைக்கு வராது. பணம் கட்டி ஏமாந்திருந்தால், இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.