மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வின் பெறுமதியும்

மருத்துவ ஆய்வாளரின் தகுதியை அவர் பெற்ற மேற்கோள்களின் தொகையால் அளத்தல் இன்று வழமையாகிவிட்டது. 1964இல் யூஜீன் கார்ஃபீல்ட் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் சுட்டி இதற்கு வழிகோலிற்று. ஆயின், இத்தொகை அளப்பது யாது?

1951இல் ஒலிவர் லோரியும் சகாக்களும் புரத அளவீட்டு முறையொன்றை விளக்கி எழுதிய கட்டுரை, 2014ஆம் ஆண்டுக் கணிப்பில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களுடன் முதலிடம் பெற்றது. ஆய்வுகூடந்தோறும் கையாளப்பட்ட முறை அது. எண்ணிக்கை சுட்டியது அதன் பயன்பாட்டையே.

மறுபுறம், ஆய்வு மானியம் கிட்டாமையால் 1995இல் பதவியிறக்கப்பட்ட கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மனுடன் 2005இல் வெளியிட்ட ஆர்.என்.ஏ. பற்றிய கட்டுரை தொடக்கத்தில் அதிகம் கவனிக்கப்படவில்லை. பின்னர் கொரோனாத் தடுப்பூசிக்கு அடித்தளமான அவ்வாய்வு 2023இல் நோபல் பரிசு பெற்றது.

நிறைவேறிவிட்ட பயனையே எண்ணிக்கை பதிகின்றது. அதுவே நியமனத்துக்கும் நிதிக்கும் நாணயமாகும்போது, பரிவர்த்தனைப் பெறுமதி பயன்பெறுமதியை மறைத்துவிடுகின்றது. எண்ணுதல் தவறன்று, வாசியாது எண்ணுதலே தவறு.