பனியனும் ஆலமரமும்

தாராபுரத்திலிருந்து காலையில் திருப்பூர் செல்லும் பேருந்தில் பனியன் கம்பெனிக்குப் போவோர் பலரைக் காணலாம். ‘பனியன்’ எந்த மொழிச் சொல்? ஆங்கிலம் என்பீர்கள். ஆங்கிலேயருக்கு அது எங்கிருந்து கிடைத்தது?

குஜராத்தியில் வணிகருக்கு ‘வாணியோ’ என்று பெயர். நம் ‘வணிகன்’ இதற்கு உறவான சொல். போர்ச்சுகீசியர் வாயில் அது ‘பனியன்’ ஆகி, பின்னர் ஆங்கிலத்தில் புகுந்தது. பாரசீக வளைகுடாவில், பந்தர் அப்பாஸ் துறைமுகத்தருகே இவ்வணிகர்கள் ஓர் ஆலமரத்தடியில் கூடுவர். அதனால் ஆலமரமும் ஆங்கிலத்தில் ‘பனியன் மரம்’ ஆயிற்று!

அடுத்து, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துச் செல்வர் வீட்டில் அணிந்த தொளதொளத்த நீள அங்கிக்கு இப்பெயர் வந்தது. ஐசக் நியூட்டன் அத்தகைய அங்கியுடன் தோன்றும் ஓவியமும் உண்டு. இந்தியாவிலோ மெல்லிய உள்சட்டையைப் பனியன் என்றனர். இழுத்தால் நீளும் பின்னல் துணி உள்ளாடைக்கும் அப்பெயர் வழங்குவதை 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி குறிக்கிறது.

வணிகர், மரம், அங்கி, உள்ளாடை! பயணம் முடிந்ததா? இல்லை. டி-சர்ட் தைக்கும் ஆலையும் திருப்பூரில் ‘பனியன் கம்பெனி’தான். சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி அன்று, வழங்கும் மக்களே. அந்தக் காலைப் பேருந்தில் செல்வோரும் அவர்களுள் அடக்கம்.