சாகா வரம் பெற்ற செல்கள்

எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸுக்கு உறவு. உலகில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இதை உடலில் சுமக்கிறார்கள். எச்சில் வழியாகப் பரவுவதால் இந்தியா போன்ற நாடுகளில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே தொற்றிவிடுகிறது. பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே கடந்துபோகிறது. வளர்ந்த பிறகு முதன்முறையாகத் தொற்றினால் காய்ச்சல், தொண்டைப் புண், கழுத்தில் நெறி கட்டுதல் என்று வாரக்கணக்கில் வாட்டுவது உண்டு.

உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டியை 1958-இல் விவரித்தார். 1961-இல் லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட ஆய்வாளர் அந்தோணி எப்ஸ்டீன், இதற்குப் பின்னால் வைரஸ் இருக்கலாம் என்று கருதி, கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்துச் சோதித்தார். ஒருமுறை பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட, துண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. அது கிடந்த திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்றே தோன்றியது. நுண்ணோக்கியில் பார்த்தால், கலங்கலுக்குக் காரணம் கட்டியிலிருந்து உதிர்ந்து உயிரோடு மிதந்த செல்கள். அப்படியே மிதக்கவிட்டு வளர்த்தபோது அவை பெருகின. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஹெர்பிஸ் வகை வைரஸ் தென்பட்டது. எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் மூவரும் 1964-இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டனர்.

வைரஸ் குடியேறும் இடம் பி செல். நோய்க்கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைச் சுரக்கும் வெள்ளணு. உடலிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் விட்டால் சாதாரண பி செல் சில நாட்களில் செத்துவிடும். இந்த வைரஸைச் சேர்த்தால் கதை மாறுகிறது. வைரஸின் மேலுறைப் புரதம் பி செல்லின் மேலுள்ள சிடி21 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள, வைரஸ் உள்ளே நுழைகிறது. அதன் டிஎன்ஏ செல்லின் உட்கருவில் வளையமாகச் சுருண்டு தங்கிவிடுகிறது. ஓரிரு நாளில் செல் பருக்கிறது. மூன்று நான்கு நாளில் பிரியத் தொடங்குகிறது. சில வாரங்களில் குடுவையில் கொத்துக் கொத்தாக மிதக்கிறது.

பி செல் பெருக இரண்டு கையெழுத்து வேண்டும். கிருமியைத் தொட்டதும் தன் ஏற்பியிலிருந்து வரும் சமிக்ஞை ஒன்று. உதவி டி செல் என்ற இன்னொரு வெள்ளணு தரும் சமிக்ஞை மற்றொன்று. வைரஸ் இரண்டையும் கள்ளக் கையெழுத்தாகப் போட்டுவிடுகிறது. அதன் எல்எம்பி2ஏ புரதம் முதலாவதைப் போல நடிக்கிறது. எல்எம்பி1 இரண்டாவதைப் போல, ஓய்வே இல்லாமல். ஈபிஎன்ஏ2 செல்லின் வளர்ச்சி மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. செல் பிரியும்போது வைரஸின் டிஎன்ஏ தொலைந்துபோகாமல் குரோமோசோமோடு பிணைத்து வைப்பது ஈபிஎன்ஏ1.

இவ்வளவு வலிமை இருந்தும் வைரஸைச் சுமக்கும் கோடிக்கணக்கானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. அதற்கான விடையும் குடுவையிலேயே கிடைத்தது. ஏற்கெனவே தொற்று கண்டவரின் ரத்தத்தில் இந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருக்கும். குடுவையில் பெருகத் தொடங்கும் பி செல்களை அவை கொன்றுவிடும். ஆகவே ஆய்வகங்கள் டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைச் சேர்த்தே வளர்க்கின்றன. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களும் இத்தகைய மருந்தையே சாப்பிடுகிறார்கள். காவல் தளர்வதால் அவர்களில் சிலருக்கு பி செல்கள் கட்டுமீறிப் பெருகும் நோய் வருகிறது.

செல்லுக்குச் சாகா வரம் தரும் இந்தக் குணம் இன்று ஆய்வுக் கருவி. ஒருவரிடம் ஒருமுறை எடுத்த ரத்தமே போதும். பி செல்களை வைரஸால் மாற்றி உறைய வைத்து, வேண்டும்போது வளர்த்து டிஎன்ஏ எடுக்கலாம். 1000 ஜீனோம் திட்டம் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் அதில் ஒரு குழு. இப்படி மாற்றப்பட்ட அவர்களின் பி செல்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள கோரியல் நிறுவனத்தில் சேமிக்கப்பட்டுள்ளன. மரபணு எழுத்துகளைப் படிக்க இந்தச் செல்கள் பெரும்பாலும் நம்பகமானவை. மரபணுக்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குகின்றன என்று அளக்கும்போது மட்டும், வைரஸ் கிளப்பிவிட்ட வேகத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.